கூடி வேலை செய்ய ஓர் இடம்

எங்கள் குழுவுக்கு இணையத்தில் ஓர் இடம் அமைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் வைக்கும் கேள்வி ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் இங்கே வந்தால், முதல் பத்து நிமிடத்தில் அவரால் என்ன செய்து முடிக்க முடியும்? பெரும்பாலும் பதில் வராது. குழுவின் நோக்கத்தை அழகாகச் சொல்வார்கள். விதிமுறைகளை எழுதியே கொண்டு வந்திருப்பார்கள். முகப்பின் நிறம்கூட முடிவாகியிருக்கும். வருகிறவர் கைக்கு என்ன வேலை என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நல்லவர்கள் கூடினால் நல்லது நடக்கும், வம்பர்கள் நுழைந்தால் குழு கெடும் என்று நாம் நம்புகிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நான் இந்தத் தொழிலில் கற்றேன். ஒரே மனிதர்கள் ஓர் இடத்தில் கத்துவார்கள், இன்னோர் இடத்தில் பொறுமையாக விளக்குவார்கள். திரையில் எது கண்ணில் படுகிறது, எது ஒரே சொடுக்கில் முடிகிறது, எதற்கு நான்கு படி ஏற வேண்டியிருக்கிறது, ஒரு தவறை அழிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பவைதான் குழுவின் நடத்தையைச் செதுக்குகின்றன. சுவரில் மாட்டும் அறிவுரைக்கு அந்த வலிமை கிடையாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று நியூபீடியா. 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியம் அது. லாரி சாங்கர் அதன் தலைமைத் தொகுப்பாளர். துறை அறிந்தவர் எழுத வேண்டும், அதே துறையில் இன்னொருவர் பார்க்க வேண்டும், பிறகு பொதுப் பார்வை, பிறகு மொழித் திருத்தம், கடைசியில் ஒப்புதல் என்று ஒவ்வொரு கட்டுரைக்கும் ஏழு படிகள். முதல் ஆண்டில் ஏழு படியும் ஏறி முடித்த கட்டுரைகள் இருபதைச் சுற்றித்தான் இருந்தன. அறிவுக்கும் ஆர்வத்துக்கும் அங்கே குறைவில்லை. வேலைதான் ஒவ்வொருவர் மேசையிலும் காத்துக் கிடந்தது. 2001 ஜனவரி 15 அன்று, நியூபீடியாவுக்குத் துணையாக, யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்தையும் உடனே திருத்தக்கூடிய விக்கி முறையில் விக்கிப்பீடியாவைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 15,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. 2003-இல் நியூபீடியா மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது.

நோக்கம் மாறவில்லை, தொடங்கியவர்களும் மாறவில்லை. இடத்தின் அமைப்பு மட்டும் மாறியது. ஓரிடத்தில் சரிபார்ப்பு வெளியீட்டுக்கு முன்னால் இருந்தது, மற்றதில் பின்னால் வந்தது. நியூபீடியாவில் முடியாத வேலை உள்ளறையில் மறைந்து கிடந்தது. விக்கிப்பீடியாவில் அது அரைகுறையாகவே எல்லார் முன்னாலும் நின்றது. பார்த்தவருக்குக் கை துறுதுறுத்தது.

விக்கி என்ற இந்த முறையை 1995-இல் உருவாக்கியவர் வார்டு கன்னிங்ஹாம். நிரலாளர்கள் தங்கள் அனுபவத்தில் கண்ட நல்ல வடிவங்களைக் கூடி எழுதி வைக்க அவர் செய்த ஏற்பாடு அது. அந்தச் சிந்தனையின் வேர் கட்டடக்கலையில் இருக்கிறது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் தன் குழுவினரோடு எழுதி 1977-இல் வெளியான 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' ஊர் முதல் ஜன்னல் வரை 253 வடிவங்களைப் பேசுகிறது. அவற்றில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்த அறைக்கும் இரண்டு பக்கங்களிலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்கிறார். ஒரே பக்கத்து வெளிச்சத்தில் எதிரே இருப்பவர் முகம் சரியாகத் தெரியாது, முகத்தில் ஓடும் உணர்ச்சியைப் படிக்க முடியாது, அதனால் மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது குறைகிறது என்பது அவர் விளக்கம். புரிந்துகொள்ளுங்கள் என்று கட்டடம் கட்டுகிறவர் யாருக்கும் ஆணையிட முடியாது. ஒரு ஜன்னல் கூடுதலாக வைக்க முடியும். எங்கள் தொழிலும் அந்த அளவில் அடங்கியதுதான்.

வேலையின் அளவு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் தமிழ் விக்கிமூலத்தைத் திறந்து காட்டுவேன். நாட்டுடைமையான நூல்களும் காப்புரிமைக் காலம் கடந்த நூல்களும் அங்கே ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியே வந்த நாட்டுடைமை நூல்கள் மட்டும் 2,000-க்கு மேல். அவற்றை எழுத்துப் பிழையில்லாத உரையாக மாற்றுவது தன்னார்வலர்களின் வேலை.

ஒரு பக்கத்தைத் திறந்தால் திரை இரண்டாகப் பிரிகிறது. ஒரு புறம் அச்சுப் பக்கத்தின் படம். மறுபுறம் அந்தப் படத்திலிருந்து இயந்திரம் படித்து எடுத்த எழுத்து. இயந்திரம் துணைக்காலை 'ர' என்று படித்திருக்கும். வரி முடிவில் உடைந்த சொல்லை இரண்டாகவே விட்டிருக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சான நூல் என்றால், பழைய 'லை', 'னை', 'றா' வடிவங்களில் தடுக்கி விழுந்திருக்கும். படத்தையும் எழுத்தையும் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்திவிட்டு, கீழே இருக்கும் மஞ்சள் பொத்தானைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அந்தப் பக்கம் மெய்ப்புப் பார்க்கப்பட்டதாகிறது. சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகிறது. இன்னொருவர் வந்து மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. நூலின் அட்டவணைக்குப் போனால் எல்லாப் பக்க எண்களும் தத்தம் நிறத்தோடு வரிசையாக நிற்கின்றன. எது முடிந்தது, எது காத்திருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சிறிய ஏற்பாட்டுக்குள் மூன்று முடிவுகள் இருக்கின்றன. முதலாவது, வேலையின் அளவு. ஒரு நூலைத் திருத்தித் தாருங்கள் என்றால் பத்துப் பேரில் ஒருவர் முன்வருவார், அவரும் பாதியில் நிற்பார். ஒரு பக்கம் என்றால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட முடியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் முழு நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அப்படி மாதக்கணக்கில் உட்காரக்கூடியவர்கள் எந்தச் சமூகத்திலும் சிலர்தான். பக்கம் என்ற அளவு அந்தச் சிலரோடு மற்றவர்களையும் வேலைக்குள் கொண்டுவருகிறது.

இரண்டாவது, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவது. யாரும் அறிக்கை எழுதுவதில்லை, யாரும் யாரையும் விரட்டுவதில்லை. நேற்றுச் சிவப்பாக இருந்த வரிசை இன்று மஞ்சளாகியிருப்பதே செய்தி.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு பக்கத்தை மஞ்சளாக்கியவருக்கு அந்தப் பக்கத்தில் பச்சைப் பொத்தான் காட்டப்படுவதே இல்லை. இரண்டாவது ஆள் வந்தே தீர வேண்டும். பிறர் வேலையில் குறை சொல்வது நம்மிடையே எவ்வளவு எளிதாக அவமானமாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே அப்படி ஆவதில்லை. என் பிழையை நீங்கள் திருத்தும்போது என் பக்கம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு உயர்கிறது. திருத்தம் என் வேலைக்குக் கிடைக்கும் அடுத்த தகுதியாகிவிடுகிறது. ஒரு பொத்தானை மறைத்ததன் மூலம் சரிபார்ப்பவரையும் சரிபார்க்கப்படுபவரையும் கூட்டாளிகளாக்கியிருக்கிறார்கள்.

அழிப்பதற்கு ஆகும் நேரம்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற இடம் எப்படி நாசமாகாமல் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைக் காட்டுவேன். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைக் கெடுக்கச் சில நிமிடம் ஆகும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு சொடுக்குப் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் முழு வரலாறு சேமிக்கப்பட்டிருக்கிறது. 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் எல்லாருடைய திருத்தங்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தான் அக்கறை கொண்ட பக்கங்களை ஒருவர் தன் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். கெடுப்பது அதிகச் செலவாகவும் சீர்செய்வது குறைந்த செலவாகவும் இருக்கும்வரை, பூட்டு இல்லாமலும் வீடு பத்திரமாக இருக்கும்.

சண்டைக்கும் அங்கே தனி இடம் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. ஓர் ஊரின் பெயரை எப்படி எழுதுவது, ஒரு கலைச்சொல்லில் தமிழ்நாட்டு வழக்கா இலங்கை வழக்கா என்பதெல்லாம் அங்கே பேசப்படும். வாதம் கட்டுரையை ஒட்டியே நிற்கிறது, கட்டுரைக்குள் வருவதில்லை. பின்னால் வருகிறவர் ஏன் இந்த முடிவு எடுத்தார்கள் என்று படித்துப் பார்க்கலாம். எந்தத் தனிக் கட்டுரைக்கும் சேராத பொது விஷயம் என்றால் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஆலமரத்தடிக்குப் போகிறார்கள். அந்தப் பொதுப் பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்னொரு விதி உண்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தைத் திருப்பி மாற்றக் கூடாது. யார் பக்கம் நியாயம் என்று இந்த விதி கேட்பதில்லை. கையை நிறுத்திவிட்டு வாயைத் திற என்கிறது. சூடு தணிய அது போதும்.

ஆனால் அழிப்பது எளிதாகும்போது இன்னோர் ஆபத்தும் வருகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தை இடத்தின் அமைப்பிலேயே கண்டது. நாசவேலையை வேகமாகப் பிடிக்கச் செய்த அரைத் தானியங்கிக் கருவிகள், நல்ல எண்ணத்தோடு வந்து தடுமாறிய புதியவர்களையும் அதே வேகத்தில் தள்ளிவிட்டன. ஒரு மனிதர் யோசித்து எழுதியதற்கு ஒரு வார்ப்புரு எச்சரிக்கைதான் பதிலாகக் கிடைத்தது. அவர் திரும்பி வரவில்லை. 2012-இல் புதியவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்கவென்றே, தேநீரகம் என்று பொருள்படும் பெயரில் ஒரு தனிப் பக்கம் அங்கே திறக்கப்பட்டது. நான் அமைக்கும் இடங்களில் பிறர் எழுதியதை மாற்றும் பொத்தானை அழுத்தினால் ஒரு வரிக் காரணம் எழுதும் கட்டம் முதலில் திறக்கும். அது வெற்றாக இருந்தால் மாற்றம் நடக்காது. அந்த ஒரு வரியில்தான் புதியவர் தங்குவதும் போவதும் இருக்கிறது.

வேகத்தைக் குறைப்பது

எங்கள் துறையில் வேகம்தான் நீண்ட காலம் ஒரே நல்லொழுக்கமாக இருந்தது. எல்லாம் ஒரே தொடுகையில் முடிய வேண்டும் என்பார்கள். அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் வந்த முதிய பெண் ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் அவரை அடித்துக் கொன்றது. பிள்ளை கடத்தும் கூட்டம் பற்றிய காணொளிகளும் குரல்பதிவுகளும் அந்த நாட்களில் வாட்ஸப்பில் குழுவுக்குக் குழு பாய்ந்துகொண்டிருந்தன. இந்தியாவின் வேறு பல இடங்களிலும் அதே ஆண்டு இப்படிக் கொலைகள் நடந்தன. அடித்த கைகளின் குற்றத்தை எந்த மென்பொருளும் குறைக்காது. ஆனால் அந்தப் பொய்க்குக் கால் கொடுத்தது 'அனுப்பு' என்ற அம்புக்குறி.

2018 ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்குமான வரம்பானது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. வாட்ஸப்பால் செய்தியின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, அது மறையாக்கம் செய்யப்பட்டது. எது பொய் என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. வேகத்தை மட்டும் தொட்டார்கள். தடை எதுவும் இல்லை, வேண்டுமென்றால் மறுபடி மறுபடி அனுப்பலாம். அந்த மறுபடிக்குள் ஒரு கணம் இருக்கிறது, அந்தக் கணத்தில் பலருக்கு யோசனை வந்துவிடுகிறது. தடையை எங்கே வைப்பது என்று தெரிவதுதான் இந்தக் கலையின் பாதி. ஒத்துழைப்பின் வழியில் ஒரு கூழாங்கல்கூடக் கிடக்கக் கூடாது. காயப்படுத்தும் வழியில் வேகத்தடை வேண்டும்.

எதை வைக்காமல் விடுவது

2014 மார்ச்சில் தைவானில் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து அதைக் கைப்பற்றினார்கள். சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தை எதிர்த்து எழுந்த அந்தச் சூரியகாந்தி இயக்கத்துக்குப் பிறகு, குடிமக்கள் கருத்தை அறிய வேறு வழி வேண்டும் என்று அரசே கேட்டது. பொது நலனுக்காக நிரல் எழுதும் ஜி-ஜீரோ-வி குழுவினர் வி-தைவான் என்ற முறையை உருவாக்கினார்கள். பின்னாளில் அமைச்சரான ஆட்ரி டாங் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். 2015-இல் ஊபர் வாடகைக் கார்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வியை போலிஸ் (Pol.is) என்ற கருவியில் மக்கள் முன் வைத்தார்கள்.

போலிஸில் ஒருவர் தன் கருத்தை ஓரிரு வரியில் எழுதலாம். மற்றவர்கள் அதை ஒப்புகிறேன், மறுக்கிறேன், விட்டுவிடுகிறேன் என்ற மூன்றில் ஒன்றால் மதிப்பிடலாம். பதில் எழுத முடியாது. பதில் பொத்தானே கிடையாது. ஒருவர் சொன்னது பிடிக்கவில்லை என்றால் அவரோடு மல்லுக்கு நிற்க வழியில்லை. அதைவிடச் சிறந்த ஒரு கருத்தை எழுதி எல்லார் முன்னாலும் வைக்கலாம், அவ்வளவுதான். ஒரே மாதிரி வாக்களித்தவர்களைக் கணினி ஒரு கூட்டமாகச் சேர்த்து வரைபடத்தில் காட்டுகிறது. எந்தக் கருத்தை எதிரெதிர்க் கூட்டங்கள் இரண்டும் ஏற்கின்றனவோ அது தனியாக மேலெழுகிறது. ஊபர் வேண்டும், வேண்டாம் என்று பிரிந்து நின்றவர்கள், பயணிகளின் பாதுகாப்பு, காப்பீடு போன்றவற்றில் ஒன்றாக நிற்பது தெரிந்தது. பேச்சுவார்த்தை அந்தத் தரையிலிருந்து தொடங்கியது.

பெரும்பாலான இணைய இடங்கள் எதிர்ப்பு அதிகமாக எழுந்ததை முன்னால் நிறுத்துகின்றன, ஏனென்றால் அங்கேதான் அதிகம் பேர் எழுதுகிறார்கள். இங்கே பரந்த ஒப்புதல் பெற்றது முன்னால் நிற்கிறது. கவனம் பெற வேண்டுமானால் எதிரணியும் ஏற்கும்படி எழுத வேண்டும். ஒரு பொத்தானை வைக்காமல் விட்ட துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். வாடிக்கையாளர்கள் இதையும் சேருங்கள், அதையும் சேருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

புள்ளிகளும் நடுவர்களும்

மதிப்பெண் வைத்தால் மக்கள் உழைப்பார்கள் என்பது உண்மை. எதற்கு மதிப்பெண்ணோ அதற்கு மட்டும் உழைப்பார்கள் என்பதும் உண்மை. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் தொடங்கியபோது ஒரு நுட்பமான விதியைச் சேர்த்தது. ஒரு பதிலுக்கு நீங்கள் எதிர்வாக்கு அளித்தால் உங்கள் கணக்கிலிருந்தும் ஒரு புள்ளி போகும். இகழ்வதற்கு விலை வைத்தார்கள், பாராட்டு இலவசம். பல்லாயிரம் பேர் அங்கே பிறருக்குப் பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் தவறில்லாத பதிலுக்குப் புள்ளி இருந்ததே தவிர, தயங்கி வந்த புதியவரை அன்போடு கையாண்டதற்குப் புள்ளி இல்லை. 2018-இல் அந்த நிறுவனமே தன் இடம் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் உவப்பாக இல்லை என்று வெளிப்படையாக எழுதியது. எண்ண முடியாத நற்குணத்துக்கு வேறு வழியில் இடம் வைக்காவிட்டால், எண்ணக்கூடியது அதை விழுங்கிவிடும்.

நடுவரைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு நம் ஏரிப் பாசனத்தின் நீர்க்கட்டி நினைவுக்கு வருவார். மடை திறந்து முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர் அவர். ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரையே பல ஊர்களில் அந்த வேலைக்கு வைத்தார்கள், தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள மாட்டார் என்பதற்காக. நிலமின்மை அவர் விரும்பி ஏற்றதல்ல, பெரும்பாலும் சாதி அவர்மேல் சுமத்தியது. அந்த அநியாயத்தை மறக்காமல், நடுவருக்குப் பங்கு இருக்கக் கூடாது என்ற அறிவை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற இணையச் செய்தித் தளம் அதை மென்பொருளாகவே எழுதியது. வாசகர்களிலேயே சிலருக்குச் சில நாட்களுக்கு மட்டும் மதிப்பிடும் உரிமை கிடைக்கும். கையில் ஐந்து புள்ளிகள், மூன்று நாளில் காலாவதி. தான் கருத்து எழுதிய விவாதத்தில் அவர் மதிப்பிட முடியாது. அதிகாரம் யார் கையிலும் ஊறிப்போக விடவில்லை.

பொதுச் சொத்தைக் கூடி ஆளும் சமூகங்களை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1990-இல் எழுதிய நூலில் நீண்ட காலம் நிலைத்த குழுக்களுக்குப் பொதுவான எட்டு நெறிகளைத் தொகுத்தார். என் வேலை மேசையில் நிரந்தரமாக இடம்பிடித்தது அவற்றுள் ஒன்று. தண்டனை படிப்படியாக ஏற வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் விவசாயிகளின் தண்ணீர் மன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடி வாய்மொழியாகவே வழக்கைத் தீர்க்கிறது. விதி மீறியவர்களுக்கு அங்கே நெடுங்காலம் விதிக்கப்பட்டவை பெரும்பாலும் சிறிய அபராதங்களே. நாளையும் அதே வாய்க்காலில் அதே ஆளோடு வாழ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இணையத்தில் நாம் 'நீக்கு' என்ற ஒரே ஆயுதத்தோடு நடுவர்களை நிறுத்துகிறோம். தனியே ஒரு சொல், ஒரு நாள் எழுத முடியாத இடைவெளி, ஒரு பகுதிக்கு மட்டும் தடை என்று நடுவில் பல படிகள் இருந்தால், நடுவரும் பதறாமல் முடிவெடுப்பார், தவறியவரும் திரும்பி வர வழி இருக்கும்.

நம் குழுக்களில்

இதையெல்லாம் தமிழ்க் குழுவுக்குள் கொண்டுவரும்போது நமக்கே உரிய ஒரு தன்மையைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெரியவரைப் பலர் முன்னிலையில் மறுத்துப் பேசுவதில்லை. அந்த மரியாதையை நான் குறையாக நினைக்கவில்லை. அது பிழையைக் காப்பாற்றாதபடி இடத்தை அமைக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் கூடி அறிவியல் பாடத்துக்குத் துணைக்குறிப்புகள் எழுதினார்கள். வரைவுகள் வாட்ஸப் குழுவில் வரும். மூத்த ஆசிரியர் ஒருவர் அனுப்பிய வரைவில், தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன என்று ஒரு வரி இருந்தது. சுவாசம் இரவுபகல் எந்நேரமும் நடப்பது. அதைக் குழுவில் பலர் அறிவார்கள். ஆனால் வரிசையாக வந்தவை கைகூப்பும் படங்களும் 'அருமை ஐயா', 'சிறப்பு ஐயா' என்ற வாழ்த்துகளும்தான். அந்த இடத்தில் எதை எழுதினாலும் அது வரியைப் பற்றியதாக இருக்காது, ஐயாவைப் பற்றியதாகிவிடும்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். வரைவைப் பொது ஆவணத்துக்கு மாற்றி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே குறிப்பு எழுத வழி செய்தோம். ஒவ்வொரு வரைவுக்கும் இருவர் முறை வைத்து ஐயம் கேட்பவர்களாக இருக்க வேண்டும் என்றோம். கேள்வி கேட்பது அவர்கள் துணிவு அல்ல, அவர்களுக்கு ஒதுக்கிய வேலை. பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஓர் ஆசிரியை அந்த வரிக்கு எதிரே எழுதினார்: "பகலிலும் சுவாசம் நடக்குமே ஐயா, 'எப்போதும் சுவாசிக்கின்றன' என்று மாற்றலாமா?" சற்று நேரத்தில் கீழே பதில் வந்தது: "ஆமாம்மா, சரியாகச் சொன்னீர்கள், மாற்றிவிடுங்கள்." யாருடைய மரியாதைக்கும் குறைவில்லை, பிள்ளைகளுக்குச் சரியான பாடம் போனது. மனிதர்கள் மாறவில்லை. கேள்வி உட்கார ஓர் இடம் கிடைத்தது.

இன்னும் சிறு சிறு கவனங்கள் உண்டு. நம் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் எழுதுகிறார்கள். சிக்னல் போனால் எழுதியது அழியக் கூடாது. ஒரு முறை அழிந்தால் இரண்டாம் முறை எழுத மாட்டார்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்குக் குரலில் சொல்ல வழி வேண்டும், ஆனால் குரல்பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அதை எழுத்தாக்கி வைக்க ஒருவர் வேண்டும். பெண்கள் தங்கள் எண் வெளியே தெரியாமல் பங்கெடுக்க முடிய வேண்டும். பல பெண்கள் மௌனமாக இருப்பதற்கு மற்றவர்கள் விருப்பமின்மையைக் காரணம் சொல்கிறார்கள். பல நேரம் காரணம் திரையில் தெரியும் அந்தப் பத்து இலக்கம்.

தமிழில் நாம் கட்ட வேண்டிய இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. என் மனம் அதிகம் போவது கிராம சபைக்கு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அந்த ஒரு வேளையில் சத்தமாகப் பேசத் தெரிந்தவர் பேசுகிறார், மற்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே, பதில் பொத்தான் இல்லாத ஓரிடத்தில், குடிநீர் முதல் சுடுகாட்டுப் பாதை வரை ஊரார் ஆளுக்கொரு வரி சொல்லி, எல்லாத் தெருவும் ஒப்பும் கருத்து எது என்று பார்த்துவிட்டு வந்தால் என்ன? கருவி இருக்கிறது, அனுபவமும் உலகில் சேர்ந்துவிட்டது. எழுதத் தெரியாதவருக்கும் வாக்கு சேரும்படி, எந்தத் தெருவின் குரலும் எண்ணிக்கையில் மூழ்கிவிடாதபடி அதைத் தமிழில் வடிவமைக்க வேண்டும். அந்த வேலையை ஓர் ஊராட்சியிலாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதைப் படிக்கும் நிரலாளர்களும் ஊராட்சித் தலைவர்களும் அதற்கு முன்வந்தால், என் அனுபவம் முழுவதும் அவர்களுடையது.